ஒரு கைக்கு ஒரு படம்

கொளஞ்சியம்மாள் முதலில் கையைத்தான் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம். உள்ளங்கைக் காய்ப்பை விரலால் தடவி, "களை வெட்டுற கை", "மாவாட்டுற கை" என்று அவளாகவே சொல்லிவிடுவாள். அரியலூர்ச் சந்தையில் கோணியை விரித்து உட்கார்ந்திருக்கும் அவளிடம் பச்சை குத்திக்கொள்ள வருகிறவர்கள் இன்ன படம் வேண்டும் என்று கேட்கலாம். கேட்டது கிடைக்காது.

போன மாதம் ஒருத்தி தேள் கேட்டாள்.

"தேளா? ஊர்ல பாதிப் பேரு கையில அதான் ஊருது. நீ புடைக்கிறவதானே? முறம் வைக்கிறேன் பாரு!"

ஈர்க்குச்சியால் முறத்தைக் கோடிட்டு, பறக்கும் உமியைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். அந்தப் பெண் கையை அசைத்தபோதெல்லாம் உமி பறந்தது. பக்கத்தில் வெங்காயக் கடை போட்டிருக்கும் நான் கண்ணால் கண்டேன். ரயிலடிக் கூலிக்காரர் ஒருவர் கையில் எஞ்சின் புகைவிட்டு ஓடுகிறது.

கொளஞ்சியம்மாளுக்கு வயது நாற்பதிருக்கும். வாயில் வெற்றிலை ஓயாது. இடது கை முழுவதும் பாதியில் நின்றுபோன படங்கள். புதிதாக ஒன்று தோன்றினால் முதல் குத்து தனக்குத்தான். "அடுத்தவ ஒடம்பு என்ன சிலேட்டா, அழிச்சு அழிச்சு எழுத?" என்பாள்.

சென்ற சந்தையன்று செந்துறைப் பக்கத்திலிருந்து கருப்பண்ணன் என்ற பெரியவர் தம் மருமகள் ராசாத்தியை அழைத்து வந்தார். மகன் நல்லுசாமி பட்டாளத்துக்குப் போனவன். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து இரண்டு வருஷமாகக் கடிதமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குக் கருமாதி என்று உறவினர் கூடி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர் தோளில் தொங்கிய பையில் அதற்கான சாமான்கள் இருந்தன.

"யக்கா, பட்டாளத்துக்குப் போறப்ப அவரு கையில தண்ணி எறைக்கிற ஏத்தம் குத்திவிட்டீங்கல்ல, அதையே எனக்கும் குத்திவிடுங்க" என்றாள் ராசாத்தி. "வெள்ளிக்கெழம கழுத்துல உள்ளதைக் கழட்டிருவாங்க. இதை ஒருத்தரும் கழட்ட முடியாதுல்ல?"

கேட்ட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொளஞ்சியம்மாள் கண்கூடக் கலங்கவில்லை.

"முடியாது."

"ஆசைப்பட்டுக் கேக்குது தாயி" என்றார் பெரியவர்.

"ஒரு கைக்கு ஒரு படம். அந்தக் கை மண்ணுக்குள்ள போனதைப் பாத்தவங்க வந்து சொன்னாத்தான் இன்னொரு கைக்கு அதை எடுப்பேன். நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு வருசமா காயிதம் இல்லியே..."

"காயிதத்தையா கேட்டேன்? பாத்தீங்களான்னு கேட்டேன்."

வெண்கலக் குரல். என்னிடம் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப ஏத்தம் அவன் கையிலதான் இருக்கு. அவனுதை எடுத்து நான் எப்படி வைக்கிறது?"

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். கொளஞ்சியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஓடாதடி. அவன் ஏத்தத்துல ஏறி எறைக்கிறப்ப மடை திருப்புனது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் அவன் படத்தை எதுக்குக் கேக்குற? ஒனக்குன்னு ஒண்ணு இல்லியா?"

தன் இடது கையில் ஒரு வளைவைக் குத்திப் பார்த்துவிட்டு, ராசாத்தியின் முழங்கையிலிருந்து ஈர்க்குச்சியை இறக்கினாள். வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால்; அதன் கடைசியில் நாலு பாத்தி; பாத்திக்குள் நாற்று. முழங்கைப் பக்கம் மட்டும் வாய்க்காலை மூடாமல் விட்டாள்.

"இந்தப் பக்கம் தொறந்துதான் இருக்கும். தண்ணி வரணும்ல?"

ராசாத்தி அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியபோது முகம் சுளிக்கவில்லை.

கருப்பண்ணன் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மை குழைத்த கொட்டாங்கச்சியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"சும்மா நிக்காம இதைப் புடிங்க பெரியவரே. ரெண்டு கையாலயும் புடிங்க."

அவர் பையைத் தரையில் இறக்கி வைத்தார்.