இரண்டு வீட்டில் ஒரு துப்பாக்கி

என் அண்ணன் சங்கிலிப்பாண்டி விதி முடிந்து செத்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். விதியாம்! பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

குற்றாலத்துக்குக் கீழே, மலையடியில் உள்ள தென்னந்தோப்புக்கு அவன் காவல். பதினாறு வயதில் போனவன். குரங்கும் மலை அணிலும் இறங்கி இளங்குலையைத் துளைத்துவிடும். அதற்காகவே தோப்பு முதலாளி, சீமைக்குத் திரும்பிய ஒரு எஸ்டேட் துரையிடம் துப்பாக்கி ஒன்று வாங்கினார். அது 1924-ல். அமெரிக்காவில் அணில், முயல் சுடுவதற்கென்று செய்த வகை. முதல் மாதிரி வந்து முப்பது வருஷம் கழித்தும் அமைப்பைப் பெரிதாக மாற்றவில்லை என்று துரை பெருமைப்பட்டாராம்.

தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான். தீப்பற்றும் பொடி அதன் அடிவிளிம்புக்குள் சுற்றிலும் இருக்கும்; சுத்தி அந்த விளிம்பில் அடித்தால் வெடிக்கும். குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய். தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். விசையைச் சுற்றி வளையம் போல ஒரு பிடி. அதைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு பக்கவாட்டில் தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்தது ஏறும். அண்ணன் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது இதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

வலப்பக்கத்தில் ஒரு திருகாணி. விரலாலேயே கழற்றலாம். கழற்றினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்து பெட்டிக்குள் அடங்கும். குழல் ஒரு பாதி. கட்டையும் விசையும் மறு பாதி.

முதலாளி இறந்ததும் பிள்ளைகள் இருவரும் தென்காசி வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். லைசென்ஸ் மூத்தவர் நம்பிராஜன் பேருக்கு மாறியது. அதில் காவல்காரன் என்று அண்ணன் பேரும் இருந்தது. “அப்பா வாங்குனதுல எனக்கும் பாதி உண்டு” என்றார் இளையவர் சிவனணைந்தபெருமாள். பாகம் பிரிக்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ஆணியைக் கழத்துனா பாதிதானவே” என்றார். விளையாட்டுப் பேச்சு அது. எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் இதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள். குழல் பெரியவர் வீட்டில், கட்டை சின்னவர் வீட்டில். அண்ணன் கையில் கவண்கல்.

மறு வருஷம் ஆனியில், சாரல் பிடித்த ஒரு காலை, வெறி பிடித்த நரி ஒன்று தோப்புக்குள் வந்தது. வாயில் நுரை. ஆட்கள் குடியிருக்கும் குடிசைகளுக்குப் பக்கத்து மட்டைக் குவியலில் புகுந்துகொண்டது. பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவை அடைத்துவிட்டு அண்ணன் வெளியே நின்றான். “ரெண்டையும் வாங்கிட்டு ஓடியா” என்று மதினி மாடத்தியை அனுப்பினான். நானும் கூட ஓடினேன்.

பெரியவர் குழலை உடனே கொடுத்தார். “நான் குடுத்துட்டேன், பாத்துக்கோ. அவன் குடுக்கானான்னு கேளு.”

சின்னவர் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “குழலும் அவன்கிட்ட, லைசென்சும் அவன்கிட்ட. கட்டையும் போச்சுன்னா, நானே விட்டுக்குடுத்தேன்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லுவான்.”

“அய்யா, வெறி நரி. பிள்ளைக கெடக்க எடத்துல நிக்கு.”

“ஒம் புருசன்கிட்ட கம்பு இல்லையா? அம்புட்டு மீசை வச்சிருக்கான்!”

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஒங்க தோப்பைத்தான் அய்யா அவுக காத்தாக” என்றாள் மதினி.

“வாசல்ல நின்னு ஒப்பாரி வைக்காத. ஏட்டி, போ.”

நாங்கள் வெறும் குழலோடு திரும்பும்போது நரி செத்துக் கிடந்தது. குடிசைப் பக்கம் பாய்ந்ததை அண்ணன் கம்பால் அடித்திருக்கிறான். அவன் கன்னமும் மணிக்கட்டும் கிழிந்திருந்தன. குழலைப் பார்த்தான். “கட்டை எங்கட்டி?” என்றான்.

பாளையங்கோட்டைக்குப் போய்ப் பதினாலு நாள் ஊசி போட வேண்டும் என்றார் தென்காசி டாக்டர். “தேங்கா வெட்டு நேரம்லே. பச்சிலை வச்சுக் கட்டு” என்றார் பெரியவர். அண்ணன் முதலாளி சொல்லைத் தட்டாதவன். தட்டியிருக்க வேண்டும்.

இருபத்து நாலாம் நாள் தண்ணீர் இறங்கவில்லை. சாரல் காற்று முகத்தில் பட்டாலே தொண்டை இறுகித் துடித்தான். மூன்று நாள். எழவுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். “நான் குடுத்தேன், ஊருக்கே தெரியும்” என்றார் பெரியவர். சின்னவர் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். மதினி அதை வாங்கவில்லை.

தை மாதம் பெரியவர் மகள் கல்யாணத்தில் முதலாளிகள் இருவரும் சமாதானம் ஆனார்கள். மறுவாரமே தோப்புக் கணக்குப்பிள்ளை வந்தார். “ரெண்டையும் மாட்டியாச்சு. நல்லா வெடிக்கு. ஒந் தம்பியைக் காவலுக்கு அனுப்பு தாயி. லைசென்சுல பேரை மாத்திக்கிடலாம்.”

மதினி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “ஏட்டி, காயிதம் எடு” என்றாள். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து. இருந்தாலும் ஒரு பேரையும் விடவில்லை.

அதைத் தாலுகா ஆபீஸுக்குக் கொண்டுபோனோம். குமாஸ்தா வாசித்துவிட்டுச் சிரித்தார். “நரி கடிச்சதுக்கு முதலாளிமாரு மேலயா மனு?”

“நரி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சாமி. மனு வாங்குனதுக்குச் சீல் குத்துங்க” என்றாள் மதினி.

அவர் குத்தும்வரை மேஜையை விட்டு அவள் நகரவில்லை.