அகலக் கால் சப்பாத்து

என் மகளுக்கு என்னைப் போலவே அகலப் பாதம். சாதாரணப் பள்ளிச் சப்பாத்தைப் போட்டால் சுண்டுவிரல் தோல் உரிந்துவிடும். நான் வேலை செய்யும் காப்பார் சப்பாத்துத் தொழிற்சாலையில் அகலக் காலுக்கென்று தனி அச்சில் சப்பாத்து செய்தார்கள். அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை. மற்ற கவலைகள் இருந்தன.

பிறகு சீனாவிலிருந்து மலிவுச் சப்பாத்து வந்து இறங்கியது. கிள்ளான் கடைகளில் எங்கள் பெட்டிகள் பின்வரிசைக்குப் போயின. ஒருநாள் சூப்பர்வைசர் அண்ணன் அகல அச்சுகளைச் சாக்கில் கட்டச் சொன்னார்.

"ஏண்ணே?"

"சீனாக்காரன் வெலைக்கு எறங்கணும்னா ஒரே மாதிரியா நெறைய ஓட்டணும்லா. அகலக் காலு எத்தன பேருக்கு இருக்கு? ஒன் வீட்டுக்காக பேக்டரி நடத்த முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவனுக்கு வாதாட வராது.

மிச்சமிருந்த அகலச் சப்பாத்துகளில், அவள் வளர வளர ஆகட்டுமென்று அளவுக்கொரு ஜோடி வாங்கினேன். ஈரம் படாமல் பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி அலமாரியில் அடுக்கினேன்.

"வீட்டுலயே சப்பாத்துக் கடை தொறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "அவ காலு வளருதோ இல்லியோ, ஒங்க பயம் நல்லா வளருது."

இந்த ஆண்டு பள்ளி திறப்பதற்கு முதல் நாள் அடுத்த ஜோடியை எடுத்தேன். மேலே புத்தம் புதுசு. மகள் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடப்பதற்குள் அடிப்பாகம் கேக்கைப் போல உதிர்ந்தது. போடாமலே கட்டி வைத்ததில், இந்த ஊர் வெக்கையில் வெந்துபோயிருந்தது. மற்ற பைகளையும் பதறிப் பிரித்தேன். எல்லாம் அப்படித்தான்.

கிள்ளானுக்கு ஓடினேன்.

"அகலமா? லோக்கல்ல இப்ப வர்றதில்ல அங்கிள்," என்றாள் கடைப் பெண். "வெளிநாட்டு பிராண்டுல இருக்கு."

உலகம் முழுக்க விற்கிறவனுக்கு அகலக் கால்கள் போதுமான அளவு கிடைக்கும்போலும். அந்த விலை எங்களுக்கு எட்டவில்லை. சீனச் சப்பாத்திலேயே பெரிய அளவு ஒன்றை வாங்கி, முனையில் பஞ்சு அடைத்தேன்.

மகள் நடந்து காட்டினாள். "சப்பாத்து முன்னால போவுது, நான் பின்னால வரேன்பா."

மறுநாள் காலை பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டபின் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப மனம் வரவில்லை. உள்ளே போகும் பிள்ளைகளின் கால்களையே பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகள், சப்பாத்துக்குள் கால் அடங்காமல், குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பைப் போல இழுத்துக்கொண்டு போனார்கள். 'எத்தன பேருக்கு இருக்கு' என்று அண்ணன் கேட்ட அன்றைக்கு, இதை நான் பார்த்திருக்கவில்லை.