லக்ஸ் கொட்டிலும் சித்தப்பாவின் மகளும்

சினைமீனின் வழுவழுப்பும் ஈரச் சீமெந்தும் றப்பர் சப்பாத்தும் கலந்த ஒரு மணம் குளிர்காலச் சனிக்கிழமைகளில் அப்பாவின் மேற்சட்டையோடு வீட்டுக்குள் வரும். மன்னாரிலிருந்து அவர் புறப்பட்டபோது எனக்கு மூன்று வயது. அம்மாவும் நானும் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது. ஆகவே எனக்குத் தெரிந்த அப்பாவின் மணம் அதுதான்.

கிழமை நாட்களில் அவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை விடிந்தால், கடற்றொழில் குடும்பத்தில் பிறந்த கை சும்மா இருக்காமல், ஊர்த் தூண்டில்காரர்கள் நடத்திய மீன்குஞ்சு பொரிக்கும் கொட்டிலுக்குப் போய்விடுவார். ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டியிருந்ததால் மேலே ஏறிச் சினைவிட முடியாமல் அணைக்குக் கீழே தவித்து நிற்கும் 'லக்ஸ்' என்ற சால்மன் மீன்களைப் பிடித்து, முட்டை எடுத்துப் பொரிக்கவைத்து, வசந்தத்தில் குஞ்சுகளை அணைக்கு மேலே கொண்டுபோய் விடுவார்கள். அப்பாவின் டேனிஷ் அரைகுறை என்பதால் மொழிபெயர்க்கச் சித்தப்பாவின் மகள் சோனியாவும் கூடப் போவாள். டென்மார்க்கிலேயே பிறந்தவள், என்னைவிட ஒரு வயது சின்னவள்.

முதல் குளிர்காலத்தில் என்னையும் கூட்டிப்போனார்கள். அப்பா ஒரு பெரிய மீனைக் கக்கத்தில் அணைத்து, நோகாமல் வயிற்றைத் தடவ, செம்மஞ்சள் முட்டைகள் கோப்பைக்குள் வழிந்தன. கோப்பையைப் பிடித்திருந்தவள் சோனியா.

"பெரியப்பா, இன்னும் கொஞ்சம் சரியுங்கோ."

அவர் சரித்தார். அந்த மீனை அவர் பிடித்திருந்த மாதிரி என்னை ஒருநாளும் பிடித்ததில்லையே என்று நினைத்துக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன். அப்போது கொட்டிலுக்குப் பொறுப்பாயிருந்த யென்ஸ், புதிதாக வந்த ஒருவருக்குச் சோனியாவைக் காட்டி என்னவோ சொன்னார். அதில் 'டாட்டர்' என்ற ஒரு சொல் எனக்கு விளங்கியது. 'மகள்' என்பதற்கான அந்தச் சொல்லை அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். வந்தவர் அப்பாவைப் பார்க்க, அப்பா சிரித்துக்கொண்டே "யா, யா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டு அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"அவள் மகளெண்டால், இவளை ஆரெண்டு சொன்னனீங்கள்?"

"அதையெல்லாம் விளங்கப்படுத்த எனக்கு டேனிஷ் வராதப்பா" என்றார் அவர். பிறகு பல நாள் காலையில் சவரம் செய்யும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில், நீர்த்தேக்கத்துக்குள் வந்து விழும் ஓடைக்கரையில், வாளிகளில் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தபோது அப்பா யென்ஸைக் கூப்பிட்டு என் தலையில் கையை வைத்தார். மனப்பாடம் செய்த டேனிஷில், இவள்தான் என் மகள் என்றார். பிறகு சோனியாவைக் காட்டினார், சொல் மறந்துவிட்டது. பழக்கத்தில் அவளிடமே கேட்டார்.

"பிள்ளை, தம்பியின்ர மகளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

சோனியா வாளியைப் பார்த்துக்கொண்டே, "நியேஸ" என்றாள்.

யென்ஸ் தொப்பியைக் கழற்றி எனக்குக் கைகொடுத்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்; வேண்டியது கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அடுத்த குளிர்காலம் சோனியா வரவில்லை. சனிக்கிழமையில் ஹாண்ட்போல் விளையாட்டு என்றாள்.

இப்போது குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டார்கள். கொட்டில் இருந்த இடத்தில் புல் வளர்ந்திருக்கிறது. யென்ஸும் இல்லை, போன வருடம் அப்பாவும் போய்விட்டார். அடக்கத்துக்கு ஒடென்சேயிலிருந்து வந்த சோனியா இரவு எங்கள் வீட்டில் தங்கினாள். என் பிள்ளைகளுக்கு அவள் பாதி டேனிஷில் சொன்ன கதைகளில் வந்த அப்பாவுக்கு முழுக் கறுப்புத் தலைமயிர். சைக்கிளின் பின்னால் அவளைப் பிடித்தபடி ஓடுவார், பாட்டுப் பாடுவார். நான் அறியாத மனிதர். எனக்கு வயிறு எரிந்தது.

"ஒண்டு சொல்லட்டே, ஸ்ரெல்லா? நீங்கள் வாறதுக்கு முந்தி பெரியப்பா என்னை அடிக்கடி உன்ர பேரிலதான் கூப்பிடுவார். நான் சோனியா எண்டு கத்துவன். உன்னை ஒருக்காலும் கண்டதில்லை, ஆனால் எனக்கு உன்னில அவ்வளவு எரிச்சல்."

"எப்பிடிக் கூப்பிடுவார்?" என்று கேட்டேன்.

அவள் கூப்பிட்டுக் காட்டினாள். கடைசி எழுத்தை நீட்டி, கொஞ்சலாக. என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்னொருமுறை கூப்பிடச் சொன்னேன்.