அக்கா இரண்டு முறை அளந்த வயல்

அக்காவின் இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். நான் அக்காவின் ஒரே தம்பி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அக்காவின் மகள்தான், "மாமா, நீங்க பேச வேண்டாம், எழுதிக் குடுங்க. எழுதுறப்ப யாரு உங்களைப் பாக்கப் போறா?" என்று தாளையும் பேனாவையும் கொடுத்தாள்.

எழுத உட்கார்ந்ததும் ஒரே ஒரு வயல்தான் என் கண் முன்னால் வருகிறது. அதைச் சொல்லிவிட மனம் அவசரப்படுகிறது. ஆனாலும் முறைப்படி அக்காவின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா பிறந்தது பழங்காநத்தத்தில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா இட்லி மாவு ஆட்டி விற்றார். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா, வேளாண்மைப் பட்டயப் படிப்பில் சேரப் போவதாகச் சொன்னபோது தெருவே சிரித்தது. "நெல்லு எந்த மரத்துல காய்க்குதுன்னு கேக்குற பிள்ளை வெவசாயம் படிக்கப் போகுதாம்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். "அதைத் தெரிஞ்சுக்கத்தேன் மாமா போறேன்" என்றார் அக்கா.

அக்கா படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா காலமானார். விடுமுறை நாட்களில் துணிக்கடையில் வேலைக்கு நின்று அக்கா படிப்பை முடித்தார். உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று, அம்மா மாவு படிந்த கையோடு அந்தக் காகிதத்தை வாங்கிவிட்டார். பிறகு பதறிப்போய் முந்தானையால் துடைத்துத் துடைத்து, ஒரு மூலையையே கிழித்துவிட்டார். அந்த உத்தரவு இன்னும் அக்காவின் ஆனையூர் வீட்டில், மூலை இல்லாமல் இருக்கிறது.

முப்பது வருடங்களுக்கு மேல் அக்கா அந்தத் துறையில் இருந்தார். விதை நெல் கொடுப்பது, மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, பூச்சி விழுந்த வயலைப் பார்த்து மருந்து சொல்வது என்று ஊர் ஊராகப் போவார். வரப்பில் நின்று பேசிவிட்டு வரத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிவிடுவார். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் முதலில் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய், கத்திரிக்காயைப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பார். "ஆபீசரம்மா, இது பந்திக்கு வாங்குன காய், பரிசோதனைக்கு இல்ல" என்று சமையல்காரர்கள் கும்பிடுவார்கள்.

இனி அந்த வயலுக்கு வருகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்தது. நான் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியின் ஊரிலேயே தங்கி, மாமனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகர்மலைக்குத் தெற்கே, கால்வாயின் கடைசியில் இருக்கும் ஊர் அது. அந்த வருடம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கால்வாயில் தண்ணீர் நின்றுபோனது. ஊரில் முக்கால்வாசிப் பயிர் சாவியாகிவிட்டது. கதிர் நிமிர்ந்து நிற்கும், கையில் கசக்கினால் வெறும் உமிதான் இருக்கும். எங்களுக்கு மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை பயிர்க் காப்பீடு.

காப்பீட்டுக்கு ஒவ்வொருவர் வயலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. துறையில் எண் போட்டுச் சில வயல்களை மட்டும் எடுப்பார்கள். அந்த வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, குறித்துக் கொடுத்த எண்ணிக்கைக்கு அடி எண்ணி நடந்து, விழுகிற இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். அங்கே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த எடைகளை வைத்துத்தான் எல்லோருக்கும் இழப்பீடு. எடை குறையக் குறைய இழப்பீடு கூடும். எங்கள் ஊரில் எண் விழுந்தது சுப்பையா அண்ணன் வயலில். அளக்க வந்தவர் என் அக்கா. அவருக்கு இந்த ஊர்ப் பொறுப்பு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது.

சுப்பையா அண்ணன் வயலில் வடக்குப் பாதி சாவி. தெற்குப் பாதியில் அவருடைய கிணற்றுத் தண்ணீர் பாய்ந்ததால் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது.

அன்றைக்கு மார்கழி மூட்டம். சூரியனும் இல்லை, அழகர்மலை இருக்கும் இடமும் தெரியவில்லை. வளைந்து வளைந்து வந்த பாதையில் அக்காவுக்குத் திசை மாறிவிட்டது. நேராக வடமேற்கு மூலையில் போய் நின்றுகொண்டு, "தென்மேற்கு இதுதானே அண்ணே?" என்று கேட்டார்.

சுப்பையா அண்ணன் வயலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நீங்க படிச்சவுக. நீங்க பாத்தாச் சரிதேம்மா" என்றார்.

இருபது பேர் சுற்றி நின்றோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம் என்று இத்தனை நாள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அது கூச்சம் இல்லை. அடுத்த நடவுக்கு விதை வாங்கக்கூட வழியில்லாமல் இருந்தேன். அக்கா தப்பான மூலையில் நிற்பது தெரிந்தேதான் நின்றேன்.

அறுத்து அடித்துத் தூற்றினால், எடை போடச் சாக்கின் அடி நிறையக்கூட நெல் சேரவில்லை. அக்கா எடையைப் படிவத்தில் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கினார். ஊரே மகிழ்ந்துவிட்டது. டீயும் வடையும் வந்தன. "மாப்ள, ஒங்கக்காவுக்கு ராசியான கை" என்று என் தோளில் தட்டினார்கள். வீட்டோடு வந்த மாப்பிள்ளையை அந்த ஊரில் ஒருவர் தட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மூட்டம் விலகியது.

"அது என்ன மலைடா?"

"அழகர்மலைக்கா."

"அழகர்மலை வடக்கேல்ல இருக்கணும்?"

"வடக்கேதேன் இருக்கு."

அக்கா மலையைப் பார்த்தார். திரும்பிச் சுப்பையா அண்ணன் வயலைப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்தார். காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாடா?"

நான் தலை குனிந்தேன்.

"பேச வரலையா, பேச மனசு வரலையா?"

"ரெண்டும்தேன்க்கா."

அக்கா கைபேசியை எடுத்துத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, "சார், நான் மூலையை மாத்தி அளந்துட்டேன்" என்றார். அவர் அக்காவைவிட வயதில் சிறியவர், நல்ல மனிதர். "நீங்க சொல்லலைன்னா யாருக்கும்மா தெரியப் போகுது?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஊருக்கே தெரியும் சார்" என்றார் அக்கா.

மறுபடி அளக்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் சுப்பையா அண்ணன் அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைத்திருந்தார். விடிந்ததும் வயலில் இறங்கிவிடும். அவரோ மேலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், கைபேசி அணைத்துக் கிடந்தது. "நான் சாரைக் கூட்டிக்கிட்டு எட்டு மணிக்கு வாரேன். அதுவரைக்கும் அந்த வயல்ல ஒரு கதிர் சாயக் கூடாது. நீ நில்லு" என்றார் அக்கா.

"நானா?"

"வேற எந்தத் தம்பி இருக்கான் எனக்கு?"

அக்கா பஸ் ஏறியதும் என் மனைவி வாசலை மறித்துக்கொண்டாள். "போகாதீக. மிஷின் அறுத்துட்டுப் போயிருச்சுன்னா யாரு மேலயும் குத்தமில்ல. ஒங்கக்காவுக்கு மாசம் பொறந்தாச் சம்பளம். நமக்கு?" என்றாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

விடியற்காலையில் நான் வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இயந்திரம் வரப்பேறிவிட்டது. நான் ஓடினேன். செருப்பு ஒன்று வாய்க்காலில் போனது. கையை ஆட்டினேன், கத்த வரவில்லை. நேராகப் போய் அதன் முன்னால் நின்றுவிட்டேன். சுழலும் கத்தி எனக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் சேலத்துப் பக்கத்துக்காரர். "அண்ணே, சாகறதுன்னா வேற வண்டி பாருங்க, இதுக்குப் போன வாரம்தான் பிளேடு மாத்தினேன்" என்று சொல்லி எஞ்சினை அணைத்தார்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். மேலூரிலிருந்து சுப்பையா அண்ணனும் வந்துவிட்டார். "என்ன மாப்ள, என்னாச்சு?" என்றார்.

எங்கிருந்து எனக்குக் குரல் வந்ததோ தெரியவில்லை. "நேத்து அக்கா நின்னது வடமேற்கு மூலை. எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டுந்தேன் தெரியாது. இப்ப அவுகளுக்கும் தெரிஞ்சுபோச்சு. எட்டு மணிக்கு மறுபடி அளக்க வாராக. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்" என்றேன். அதுவரை என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"பாருங்கடா, சோறு போட்ட ஊரைக் கெடுக்க வந்துட்டான் வீட்டோட மாப்ள" என்றார் ஒருவர். இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் இந்த மலரையும் வாசிப்பீர்கள், எனக்கு வருத்தம் இல்லை. ஓட்டுநர், "பஞ்சாயத்து முடிஞ்சதும் கூப்பிடுங்கண்ணே, நான் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று இறங்கிப் போனார். சுப்பையா அண்ணன் மட்டும் வரப்பில் உட்கார்ந்தார். "எட்டு மணிதான, நிக்கட்டும் விடுங்கப்பா" என்றார்.

அக்கா வந்ததும் எல்லோரையும் பார்த்துப் பேசினார். "நேத்துத் தப்பா அளந்தது நான். நான் யாரையும் குத்தம் சொல்லல. எம்மேல தப்புன்னு எழுதியும் குடுத்துட்டேன். இப்பச் சரியா அளப்போம்" என்றார். பிறகு மலையைப் பார்த்துத் திசையை உறுதி செய்துகொண்டு, தென்மேற்கு மூலையிலிருந்து நடக்கத் தொடங்கினார். அவர் எண்ண எண்ண, ஊரே கூடச் சேர்ந்து மனதுக்குள் எண்ணியது. குச்சி விழுந்தது நல்ல கதிரில். கயிறு கட்டினோம். அரிவாளை அக்கா என்னிடம் நீட்டினார். நான்தான் அறுத்தேன். ஒவ்வொரு பிடியும் கனமாக இருந்தது. தராசில் மூட்டையைத் தொங்கவிட்டபோது, முள் முந்தின நாள் நின்ற இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. அக்கா எழுதிய எடைக்குக் கீழே முதல் கையெழுத்தை நான் போட்டேன். இரண்டாவது சுப்பையா அண்ணன் போட்டார்.

அந்த வருடம் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் ஊருக்கு வந்தது. அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதவி உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போனது. நான் வருத்தப்பட்டதற்கு, "மெமோ வாங்காதவன் ஆபீசுல வேலையே பாக்கலைன்னு அர்த்தம்டா" என்று சிரித்தார்.

பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுபோக வேண்டியவன் நான். என்னிடம் எதுவும் இல்லை. என் மனைவி அக்காவின் பெயரை எடுத்தாலே அடுக்களைக்குள் போய்விடுவாள். பொங்கலுக்கு முதல் நாள் அக்காவே அரிசிப் பையும் கரும்புமாக வந்து இறங்கினார்.

"ஒங்க அளவு சரியாத்தேன் இருந்துச்சு மதினி. எங்க பானைதேன் காலியா இருக்கு" என்றாள் என் மனைவி.

"அது தெரிஞ்சுதான் அரிசியோட வந்திருக்கேன். அடுப்பைப் பத்த வையி, திட்டுறதைச் சாப்பிட்டுட்டுத் திட்டு" என்றார் அக்கா.

சாப்பிட்ட பிறகு உண்மையாகவே திட்டினாள். அக்கா முழுவதையும் கேட்டார். போகும்போது, அடுத்த நடவுக்கு மானியத்தில் விதை வாங்க விண்ணப்பத்தை அவளிடமே கொடுத்து, எங்கே கையெழுத்துப் போடுவது என்று காட்டிவிட்டுப் போனார். கடைசி நாட்களில் மருத்துவமனையில் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியவள் என் மனைவிதான்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா ஆனையூர் வீட்டில்தான் இருந்தார். சிறுநீரகக் கோளாறு வந்த இரண்டு வருடங்களும் அத்தான் அக்காவை ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துப் போய் வந்த அண்டை வீட்டுத் தம்பிக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், துறையிலிருந்து வந்து பார்த்துப் போன அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வயலை அரை நாள் காக்கவைத்த சுப்பையா அண்ணனுக்கும், எங்கிருக்கிறாரோ அந்த ஓட்டுநருக்கும் நான் தனியாக நன்றி சொல்கிறேன். அன்றைக்கு என்னைத் திட்டிய ஊருக்கும் என் நன்றி. முதல் நாள் நானும் உங்களோடுதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதை இன்றைக்கு எழுத்தில் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வருடக் காப்பீட்டுப் பரிசோதனைக்கு எங்கள் ஊரில் எண் விழுந்திருப்பது என் வயலில். அக்காவின் திதி முடிந்த மூன்றாம் நாள் அளக்க வருகிறார்கள். இப்போது திசையையும் இடத்தையும் கைபேசியே காட்டிவிடுகிறதாம். மேற்குப் பக்கம் இந்த முறையும் கொஞ்சம் சாவி. கிழக்கே நல்ல கதிர். ஊரில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டேன். குச்சி எங்கே விழுகிறதோ அங்கே அறுப்பேன்.