அசிதாவின் தொலைபேசி

அப்காசியாவின் அரபிகா மலைமேல், குகை வாயிலில் இருந்த தொலைபேசியை ஒன்பது கோடைகளாகக் கவனித்தவர் அசிதா. குகைக்குள் அவர் ஒருமுறைகூட இறங்கியதில்லை. ஆயினும், எந்த முகாம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதை எங்கள் குகை ஆய்வுக் குழுவில் அவரைப்போல் அறிந்தவர் இல்லை.

அந்த ஆகஸ்டில் அவருடைய தம்பி அல்காஸ், வேறு இருவருடன், இரண்டாயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில், குகையின் அடிநீரை ஒட்டித் தங்கியிருந்தார். நண்பகலில் பெருமழை பிடித்தது. அந்த வெள்ளம் அடியை எட்ட ஐந்து மணி நேரம் ஆகும். எட்டினால் கூடாரம் மூழ்கிவிடும்.

அசிதா மணியடித்தார். பதில் இல்லை. வெயிலைக் காணாதவர்களுக்கு நாள் நீண்டுவிடும்; இருபது மணி நேரம் உழைத்துப் பத்து மணி நேரம் உறங்குவார்கள். எங்கள் நண்பகல் அவர்களுக்கு நள்ளிரவு. உறங்குமுன் மின்கலத்தைச் சேமிக்கத் தொலைபேசியைக் கழற்றிவைப்பதும் வழக்கம். அதைத் தவறென்று அதுவரை எவரும் எண்ணியதில்லை.

இரண்டு மணி நேரம் கழிந்தபின், ஆயிரத்து எழுநூறாம் மீட்டர் முகாமுக்கு அப்போதுதான் திரும்பியிருந்த எங்கள் குழுவின் தவுர் எடுத்தார்.

“என்னக்கா, களி கிண்டப்போறேன். மேல அனுப்பட்டுமா?”

“வெளாடாத தவுர். மழ கொட்டுது. அல்காஸ் போன கழட்டிட்டுத் தூங்குறான்.”

“கரடில்ல அவன்! எவ்வளவு நேரம் இருக்கு?”

“மூணு மணி நேரம். உன் எடத்துக்குத் தண்ணி அதுக்கு முன்னாலயே வந்துரும். கீழ போற வழியில கயித்துல எறங்குற அந்தச் செங்குத்துக் கிணறு வேற... நீ போன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா.”

“நீ எங்க சொன்ன? நானாத்தான் போறேன். வைக்கிறேன்.”

இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடக் கூடியவர் அவர். இரண்டும் கடந்தது, மூன்றும் கடந்தது. வாயிலில் விழும் நீரின் இரைச்சலில் மணி கேளாமல் போகுமோ என்று அசிதா கருவியின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். அது அதிர்ந்தது.

“அக்கா, நாங்க ஒசரத்துல ஏறிட்டோம். கூடாரம் போச்சு,” என்றார் அல்காஸ்.

“தவுர் எங்கடா?”

“இங்கதான். கிணத்துல பாதியில தண்ணி அவன் மேலயே விழுந்துருச்சு.”

“அவன்கிட்ட குடு.”

“பேச முடியலக்கா. குளிர்ல பல்லு கடகடன்னு அடிக்குது.”

“அந்தச் சத்தமாவது எனக்குக் கேக்கணும். குடு.”

அல்காஸ் கொடுத்தார். அசிதா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.