நான் 'இவரய்' ஆன காலை

கண்டியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்குச் சிங்களத்தில் வேறெந்தச் சொல் தெரியாவிட்டாலும் 'இவரய்' தெரிந்திருக்க வேண்டும். சீனி இவரய். பருப்பு இவரய். மண்ணெண்ணெய் நேற்றே இவரய். முடிந்துவிட்டது, இனி இல்லை, அடுத்த கடையில் கேட்டுப் பாருங்கள் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லி ஆளை அனுப்பிவிடலாம். இருபத்தைந்து வருடமாக இதைச் சாமான்களுக்குத்தான் சொல்லிவந்தேன். என்னைப் பற்றி ஒருவர் சொல்வார் என்று நினைத்ததில்லை.

அன்று காலை கடையைத் திறந்த கையோடு இடப்பக்க நெஞ்சில் சுரீர் என்றது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா இதே கடையில், இதே கதிரையில் சாய்ந்ததும் ஐம்பத்திரண்டில்தான். நான் உடனே கதிரையை விட்டு எழுந்து நின்றுகொண்டேன். கதிரையில் உட்காராவிட்டால் சாவு வராது என்று ஒரு கணக்கு.

மாடி வீட்டிலிருந்து மனைவி இறங்கி வந்தாள். "வாயுவா இருக்குங்க. இஞ்சி தட்டிப் போட்டுத் தாறேன்."

"உயிர் போகுது, நீ இஞ்சி தட்டுறியா?"

பக்கத்துப் புடவைக்கடை முஸ்லிம் அண்ணன், தெருவுக்கே அவர் 'நானா', எட்டிப் பார்த்தார். "என்ன மொதலாளி, முகமெல்லாம் வெளுத்து ஈக்கு?" அவ்வளவுதான், நான் கடையைப் பூட்ட ஆரம்பித்தேன். அவரே த்ரீவீல் பிடித்தார். சாகப்போகிற நான் கடைப்பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். மனைவியும் நானாவும் கூடவே ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து, நெஞ்சில் குளிரக் குளிர ஏதோ பூசி வயர்களை ஒட்டினார்கள். மெஷின் கடதாசியைத் துப்பியது. நர்ஸ் மிஸ் அதைக் கிழித்தெடுத்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரைக்கு அப்பால் நின்ற இன்னொரு மிஸ்ஸிடம் அலுப்போடு சொன்னார்:

"மெயா இவரய்."

மெயா என்றால் இந்த ஆள். மற்றச் சொல்லுக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. சாமான் ராக்கையில் காலியான சீனிச் சாக்கு போல என்னை மடித்து வைக்கப்போகிறார்கள்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மனச்சுமையோடு போகக்கூடாது என்று தோன்றியது.

"நான் குளத்தைச் சுத்தி நடக்கவே இல்ல" என்றேன்.

விஷயம் இதுதான். பிரஷர் கூடிவிட்டது, உப்பைக் குறைத்து நடக்க வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் சொல்லியிருந்தார்கள். மனைவி வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தாள். நானும் விடியற்காலையில் அதை மாட்டிக்கொண்டு குளக்கரை வரைக்கும் ஒழுங்காகப் போவேன். அங்கே தேத்தண்ணிக் கடையில் நானா இருப்பார். இரண்டு உளுந்து வடை, ஒரு மீன் ரோல்ஸ், பிளேன் டீ. திரும்பும்போது பைப்பில் தண்ணீர் பிடித்துச் சட்டை முதுகில் தெளித்துக்கொள்வேன், வியர்வை மாதிரி. அவளோ புசல்லாவையில் இருக்கும் தன் சொந்தக்காரர் எல்லோரிடமும், "எங்க வீட்டு ஆளு தெனம் ரெண்டு ரவுண்டு!" என்று சொல்லி வைத்திருந்தாள்.

பைப்புத் தண்ணீர் உட்பட அத்தனையையும் சொன்னேன். திரைக்கு அடியில் தெரிந்த நானாவின் செருப்புகள் மெதுவாக நகர்ந்து மறைந்தன.

அப்போது மிஸ் வந்து வயரைப் பிடுங்கினார். நெஞ்சு மயிரும் கொஞ்சம் கூடவே போனது. "மாத்தயா எழும்புங்க. டெஸ்ட் முடிஞ்சு. அடுத்த ஆளுக்குக் கட்டில் வேணும்."

டெஸ்ட்தான் இவரய். ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்து டொக்டர் கடதாசியைப் பார்த்தார். "இதில ஒரு பிழையும் இல்லை. நேற்றுப் பாரம் ஏதும் தூக்கினனீங்களோ?"

அரிசி மூட்டை தூக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தசைப்பிடிப்புத்தான். நோவு வந்த உடனே வந்தது நல்ல வேலை, இனியும் அப்பிடித்தான் வரவேணும். ஆனா பிரஷர் இன்னும் கூடத்தான் நிக்குது. நடக்கிறனீங்கள்தானே?"

"நல்லா நடக்குறாரு டொக்டர்," என்றாள் மனைவி. "தேத்தண்ணிக் கடை வரைக்கும்."

மாரடைப்பு வந்திருந்தாலே நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது அந்த ஒரு நிமிடந்தான்.

 கடை வாசலில் த்ரீவீலை விட்டு இறங்கும்போது மனைவி கேட்டாள்: "சாகப் போறப்ப பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு ஒங்களுக்கு ரோல்ஸ் கதைதான் இருந்துச்சா?" நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒங்க அம்மா மாதிரி நானும் இந்தக் கடைய ஒத்தையில தொறந்துக்கிட்டு இருக்கணுமா?"



மறுநாள் விடியற்காலையில் அவளும் மகளின் சப்பாத்தைச் சேலைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்தாள். எங்களைக் கண்டதும் தேத்தண்ணிக் கடையில் நானா பத்திரிகையை முகத்துக்கு உயர்த்தினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். பாதிக் குளம் தாண்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளியது. இந்தத் தடவை சட்டை முதுகில் நனைந்திருந்தது பைப்புத் தண்ணீர் இல்லை.

மரத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி, இவரய்" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமான் இன்னும் இருக்கு. நடங்க" என்றாள்.