எங்கள் கூடத்தில் நடந்த இலவச வகுப்பு

பிறை ஊரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இன்று யாரோ வெள்ளைப் பலகையைத் துடைத்தபோது எழுந்த மார்க்கர் நெடி, இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த எங்கள் பழைய வீட்டை நினைவூட்டி எரிச்சலைக் கிளப்பியது. மாலை ஆறானால் சோபா சுவரோரம் போகும், பாய் விரியும், வாசலில் செருப்புகள் குவியும், அம்மா எல்லாருக்கும் தேநீர் கலக்குவார், ஊரே புகழும் ஆசிரியரான அப்பா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பலகை வைத்து இலவசமாகப் பாடம் எடுப்பார். அது முடியும்வரை நானும் அவரை 'சார்' என்றே கூப்பிட வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் மறந்துபோய், "அப்பா, குளிருதுப்பா" என்றேன்.

"சார், உங்க பிள்ளைக்கே ரூல்ஸ் தெரியல லா!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"கையத் தூக்கு. சார்னு சொல்லு," என்றார் அப்பா.

தூக்கினேன், சொன்னேன். அவளுடைய கணக்கை முடித்துவிட்டுத்தான் என் நெற்றியைத் தொட்டார். அதன்பின் வகுப்பு இல்லாத நேரத்திலும் நான் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. இறக்கும்வரை அவர் அதைக் கவனிக்கவேயில்லை.